இடம் பிடிக்கும் வாயு

ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ பதனிட்ட தோல் ஐரோப்பாவில் செருப்பாகக் காலில் ஏற வேண்டுமானால், முதலில் ஒரு சோதனையில் தேற வேண்டும். ஒரு கிலோ தோலில் ஆறாம் நிலைக் குரோமியம் 3 மில்லிகிராமை எட்டிவிடக் கூடாது. 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டம். அளக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 17075 என்ற தரநிலை சொல்கிறது. தோலைத் தூளாக்கி, 2 கிராம் எடுத்து, பி.எச். 8 அளவில் உள்ள பாஸ்பேட் கரைசல் 100 மில்லிலிட்டரில் போட்டு, மூன்று மணி நேரம் குலுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குடுவைக்குள் ஐந்து நிமிடம் ஒரு வாயுவை விட்டு அங்கிருக்கும் ஆக்சிஜனை வெளியே தள்ள வேண்டும். நைட்ரஜனும் போதும், ஆனால் ஆர்கானே நல்லது, ஏனென்றால் அது காற்றைவிடக் கனமானது என்று தரநிலையே காரணத்தோடு சொல்லிவிடுகிறது.

குரோமியத்துக்கு இரண்டு முகம். தோல் பதனிடப் போடுவது மூன்றாம் நிலைக் குரோமியம். டேனரி டிரம்முக்குள் தோலின் நார்ப்புரதத்தைப் பிணைத்து, 'வெட் ப்ளூ' என்று இந்தப் பக்கம் எல்லோரும் சொல்லும் நீலத் தோலாக்குவது அதுதான். அதனால் பெரிய தீங்கில்லை. அதே குரோமியம் ஆறாம் நிலைக்கு ஏறிவிட்டால் சருமத்தில் ஒவ்வாமையும், மூச்சு வழியே போனால் நுரையீரல் புற்றுநோயும் தரவல்லது. ஏற்றிவிடுவது பெரும்பாலும் ஆக்சிஜன். சூடு, வெயில், காரத்தன்மை, தோலை மிருதுவாக்க ஊட்டும் சிலவகை எண்ணெய்கள் எல்லாம் அதற்குத் துணை போகும். (கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகள் இந்த ஏற்றத்தைத் தடுக்கின்றன. குரோம் வந்ததும் ஓரங்கட்டப்பட்ட பட்டைப் பதனிடலின் பொருள்கள் மறுபதனிடலில் மரியாதையோடு திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.) ஆக, குடுவைக்குள் காற்று இருந்தால் தோலில் இல்லாத நஞ்சு சோதனையின் போக்கிலேயே முளைத்துவிடலாம். நல்ல சரக்கு கெட்ட சரக்கென்று திரும்பி வரும். அதைத் தடுக்கத்தான் ஆர்கான்.

அங்கே ஆர்கான் என்ன செய்கிறது? குரோமியத்தோடு சேரவில்லை, கரைசலோடும் சேரவில்லை. ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல், ஆக்சிஜன் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆர்கானுக்கும் மனிதருக்கும் உள்ள உறவில் முக்கால்வாசியை இந்த ஒரு செயலைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது என் கட்சி. அது நமக்கு உணவும் இல்லை, நஞ்சும் இல்லை. அது உட்கார்ந்த இடத்தில் வேறு யார் உட்கார முடியாமல் போகிறது என்பதைப் பொறுத்தே நன்மையும் சாவும் வருகின்றன. விலகி நிற்கும் கால்வாசி உண்டு, அதையும் பார்ப்போம்.

முதலில், அது எங்கே இருக்கிறது? இங்கேதான். உலர்ந்த காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மிச்சத்தை 'இதர வாயுக்கள்' என்று கடந்துவிடுகிறோம். அந்த மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாமே ஆர்கான்: 0.93 சதவீதம். பூமியின் சூட்டையே ஏற்றிவிடும் கரியமில வாயுவைப்போல் இருபது மடங்குக்கு மேல். ஆற்காட்டை அடுத்த திமிரியில் ஒரு பத்தடிக்குப் பத்தடி அறையில், பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால், நானூறு கிராமுக்கு மேல் ஆர்கான் மிதந்துகொண்டிருக்கும். ஒரு மூச்சில் சுமார் 5 மில்லிலிட்டர் உள்ளே போகிறது. ஒரு நாளில் தொண்ணூறு, நூறு லிட்டர். போனது போனபடியே வெளியே வருகிறது.

இவ்வளவு இருந்தும் 1894 வரை யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும் கிட்டே போய்விட்டு வந்தார். திமிரிக் கோட்டை கிளைவின் கைக்குப் போன 1751க்கு 34 ஆண்டுகள் கழித்து, 1785இல், லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் காற்றோடு ஆக்சிஜனைக் கலந்து மின்பொறி பாய்ச்சிப் பாய்ச்சி, அதிலிருந்த நைட்ரஜனையெல்லாம் கரைத்து எடுத்தார். கடைசியில் ஒரு சிறு குமிழி மட்டும் எதற்கும் மசியவில்லை. மொத்தத்தில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று எழுதிவைத்தார். உண்மையான அளவுக்கு வியக்கத்தக்க நெருக்கம் அது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வரி புத்தகத்தில் கிடந்தது.

பிறகு வந்தவர் எடை பார்த்தவர். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் 1.2505 கிராம். அரை சதவீத வித்தியாசம். இதைப் பார்த்துவிட்டு 'தராசுக் கோளாறு' என்று விட்டுவிடாத பிடிவாதம்தான் ராலே பிரபுவின் பெருமை. 1892இல் 'நேச்சர்' இதழில், யாராவது காரணம் சொல்லுங்கள் என்று வேதியியலாளர்களைக் கேட்டுக் கடிதமே எழுதினார். வில்லியம் ராம்சே சேர்ந்துகொண்டார். பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின் மேல் காற்று நைட்ரஜனைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு நைட்ரஜனை அது தின்று தீர்க்கச் செய்தார் ராம்சே. மிஞ்சியதன் நிறமாலையில் எந்தத் தனிமத்துக்கும் உரியதல்லாத கோடுகள் தெரிந்தன. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு கூட்டத்தில் அறிவித்தார்கள். தனிம அட்டவணையில் அதற்கு நாற்காலி இல்லை என்பதால் மெண்டலீவ் நம்ப மறுத்தார். மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றார். கடைசியில் அட்டவணைக்குத்தான் ஒரு புதிய பத்தி சேர்க்க வேண்டிவந்தது. 1904இல் ராலேவுக்கு இயற்பியல் நோபல், ராம்சேக்கு வேதியியல் நோபல்.

ராம்சே நமக்கு அந்நியர் அல்லர். ஜாம்ஷெட்ஜி டாடா தொடங்க விரும்பிய ஆய்வு நிறுவனத்துக்கு எந்த ஊர் பொருத்தம் என்று பார்த்துச் சொல்ல 1900இல் இந்தியா வந்தவர் அவர், பெங்களூரைச் சொன்னார். இன்றைய இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர் மோரிஸ் டிராவர்ஸ், அவரோடு சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் மூன்றையும் கண்டுபிடித்தவர். மந்த வாயுக் குடும்பத்தைக் கண்டெடுத்த இருவரின் கையும் நம் பக்கத்து மாநிலத்து நிறுவனத்தில் பட்டிருக்கிறது.

தன்மைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணு எண் 18. நிறம், மணம், சுவை மூன்றும் இல்லை. ஒற்றை அணுவாகவே திரியும். வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களும் நிரம்பியிருப்பதால் கொடுக்கவும் விருப்பமில்லை, வாங்கவும் விருப்பமில்லை. காற்றைப்போல் 1.38 மடங்கு கனம். சூட்டைக் கடத்துவதில் காற்றைவிட மந்தம். அதனால்தான் குண்டு பல்புக்குள் இருந்தது, குளிர்நாடுகளில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள் இருக்கிறது. தண்ணீரில் ஏறக்குறைய ஆக்சிஜன் அளவுக்கே கரையும். கொதிநிலை மைனஸ் 185.8 டிகிரி செல்சியஸ். ஆக்சிஜனின் கொதிநிலை மைனஸ் 183. மூன்று டிகிரிகூட இல்லாத இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் காற்றைத் திரவமாக்கும் ஆலைகள் இரண்டையும் பிரிக்கின்றன. ஆக்சிஜன், நைட்ரஜன் தயாரிக்கும்போது கூடவே கிடைப்பது என்பதால் இதற்கென்று தனிச் சுரங்கமோ கிணறோ கிடையாது. எதோடும் சேராது என்ற புகழையும் 2000இல் ஹெல்சிங்கியில் மார்க்கு ரேசேனன் குழுவினர் கொஞ்சம் உடைத்தார்கள்: கடுங்குளிரில் ஆர்கான், ஹைட்ரஜன், ஃபுளோரின் மூன்றும் சேர்ந்த ஒரு சேர்மத்தைக் காட்டினார்கள். லேசாகச் சூடேறினாலே அது சிதைந்துவிடும். அன்றாட வாழ்க்கைக்கு அந்த விதிவிலக்கு பொருட்டில்லை.

இந்த ஆர்கான் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையானது. வட ஆற்காட்டின் பாறைக் குன்றுகளைப் பாருங்கள். கிரானைட்டுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவது பெரும்பாலும் பொட்டாசியம் உள்ள கனிமம். பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40 கலந்திருக்கிறது. அது 125 கோடி ஆண்டுகளில் பாதியாகத் தேயும். தேய்வதில் பத்தில் ஒரு பங்கு ஆர்கான்-40 ஆகிறது. இன்றைய காற்றில் உள்ள ஆர்கானில் 99.6 சதவீதம் இந்த வகை. அதாவது, பாறையில் பிறந்து, எரிமலை வாயிலும் பிளவிலும் கசிந்து, போக இடமில்லாமல் வானத்திலேயே தங்கிப்போனது.

பொட்டாசியம் பாறையில் மட்டுமா இருக்கிறது? நம் உடம்பிலும் 140 கிராம் அளவுக்கு இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு வளர்ந்த ஆளின் உடம்பில் நொடிக்கு நானூற்றுச் சொச்சம் ஆர்கான் அணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஆர்கானை நாம் பயன்படுத்துவதில்லை, ஆனால் ஓயாமல் உற்பத்தி செய்கிறோம்.

பயன்படுத்துவதில்லை என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. ஆக்சிஜன் மாவுச்சத்தாகும், துருவாகும், தண்ணீராகும். அதன் அணு நேற்று எங்கே இருந்தது என்று சொல்ல முடியாது. ஆர்கான் அப்படியே சுற்றும். 1751இல் திமிரிக் கோட்டையில் காவல் நின்ற ஒரு சிப்பாய் ஒரே நாளில் விட்ட மூச்சுகளின் ஆர்கான் இந்நேரம் உலகம் முழுவதும் சீராகக் கலந்திருக்கும். அதிலிருந்து சராசரியாக இருநூறு அணுக்களாவது உங்களின் ஒவ்வொரு மூச்சிலும் இருக்கும். சீசரின் கடைசி மூச்சில் ஒரு மூலக்கூறு என்று சொல்லப்படும் பிரபலமான கணக்கு காற்று முழுவதையும் சேர்த்துப் போட்டது. ஆர்கானுக்கு மட்டும் என்றால் ஒரு மூச்சு போதாது, பல மூச்சுகள் வேண்டும்.

யாரோடும் சேராதவர் நல்ல சாட்சி. ஆர்கான் அப்படித்தான் ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கிறது. எரிமலைக் குழம்பு உருகியிருக்கும்போது உள்ளே இருக்கும் ஆர்கான் வெளியேறிவிடும். இறுகிய பிறகு பிறப்பது படிகத்துக்குள்ளேயே சிறைப்படும். அதை அளந்தால் இறுகிய காலம் தெரியும். தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் கிடைத்த ஆதிமனித இனத்தின் மண்டையோடு 17.5 லட்சம் ஆண்டு பழையது என்று 1961இல் இப்படித்தான் கணக்கிட்டார்கள். அதுவரை மனித வரலாற்றை அவ்வளவு நீளமாக யாரும் நினைத்ததில்லை. சுமத்திராவின் தோபா எரிமலை ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்ததும் ஆர்கான் சொன்ன கணக்குதான். அதன் சாம்பல் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் படிந்து கிடக்கிறது; சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கல்லாயுதங்கள் கிடைத்ததை 2007இல் வெளியிட்டார்கள். நம் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் அத்திரம்பாக்கத்தில் ஆர்கானால் உதவ முடியவில்லை. அங்கே எரிமலை அடுக்கு இல்லை. 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் சொன்னது வேறு முறைகளால்: மண்ணில் பதிந்த காந்தத் திசையும், விண்கதிர் உண்டாக்கிய அலுமினியம், பெரிலியம் அணுக்களும். நம் வட்டாரத்துப் பாறைகள் விஷயத்திலும் ஆர்கான் அரைச் சாட்சிதான். சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய பாறை நடுவில் ஒருமுறை நன்றாகச் சூடேறியிருந்தால் பழைய ஆர்கான் ஓடிப்போயிருக்கும். கடைசியாகக் குளிர்ந்த காலத்தையே அது சொல்லும்.

நிலத்தடி நீருக்கும் ஒரு ஆர்கான் கடிகாரம் உண்டு. விண்கதிர் தாக்கிக் காற்றில் உண்டாகும் ஆர்கான்-39, 270 ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் பாதியாகும். மழையோடு நிலத்துக்குள் போன நீர் ஐம்பது ஆண்டுப் பழையதா, ஆயிரம் ஆண்டுப் பழையதா என்று அதைக் கொண்டு பார்க்கலாம். மணலும் வறண்டு, ஊற்றும் உப்பாகிப்போன பாலாற்றுக் கரைக்காரர்களுக்கு இது வெறும் ஆய்வுக்கூட ஆர்வம் அல்ல. எந்த ஆழத்து நீர் நேற்றைய மழையில் ஊறியது, எது தாத்தாவுக்குத் தாத்தா காலத்துச் சேமிப்பு என்று தெரியாமல் போர் போட்டுக்கொண்டே போவது கணக்குப் பார்க்காத செலவு.

அந்த நீரில் கலந்த குரோமியத்தை அளப்பதிலும் ஆர்கான் வந்து நிற்கிறது. ராணிப்பேட்டையில் தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை, லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுவிட்டுப் போனது. மழை பெய்தால் அது மண்ணுக்குள் இறங்குகிறது. தண்ணீரில் உள்ள உலோகங்களை நுட்பமாக அளக்கும் கருவிகளின் நெஞ்சில் எரிவது ஆர்கான் பிளாஸ்மா. நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் ஆர்கானை ஓடவிட்டு, வானொலி அலை ஆற்றலால் அதன் எலக்ட்ரானைப் பிய்த்து, ஆறாயிரம் டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறார்கள். அந்தச் சூட்டில் குரோமியம் தன் அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஆர்கான் வெறும் இடம் பிடிப்பவர் அல்ல. நான் சொன்ன கால்வாசி விதிவிலக்கில் இது ஒன்று.

இதில் ஒரு குறும்பும் உண்டு. எடையை வைத்து அணுக்களை எண்ணும் வகைக் கருவியில், ஆர்கான்-40 பிளாஸ்மாவுக்குள் கார்பன்-12ஐத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் 52. குரோமியத்தின் முக்கியமான வகையின் எடையும் 52. தோல் என்றாலே கார்பன்தான். பார்த்துச் செய்யாவிட்டால் இல்லாத குரோமியம் இருப்பதாகக் கருவி சொல்லும். உப்புத் தண்ணீரும் சும்மா இருக்காது: குளோரின்-35, ஆக்சிஜன்-16, ஹைட்ரஜன்-1 சேர்ந்தாலும் 52தான். பாலாற்று உப்பு நீரை அளப்பவர் இரண்டையும் சமாளிக்க வேண்டும். நடுவே ஹீலியத்தை விட்டு இந்தப் போலிக் கூட்டணிகளை வடிகட்டும் வழி இருக்கிறது. யாரோடும் சேராத வாயு, அளவெடுக்கும் நேரம் பார்த்துச் சேர்ந்து தொலைக்கிறது என்று ஆய்வகக்காரர் அலுத்துக்கொண்டால் நியாயம்தான்.

ஆய்வகத்தை விட்டுத் தெருவுக்கு வந்தால், ஆர்கான் என்ற பெயர் நம் ஊர் மக்களுக்கு அறிமுகமானது வேதியியல் புத்தகத்தால் அல்ல, பட்டறைப் பலகையால். 'கேஸ் வெல்டிங்', 'கரண்ட் வெல்டிங்' என்ற வரிசையில் மூன்றாவதாக 'ஆர்கான் வெல்டிங்'. எவர்சில்வர் மாடிப்படிக் கைப்பிடி, கோயில் உண்டியல், உடைந்த அலுமினிய எஞ்சின் கூடு எல்லாம் இதில்தான் ஒட்டும். டங்ஸ்டன் முனைக்கும் உலோகத்துக்கும் இடையே மின்பொறி. அதைச் சுற்றி நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போல ஆர்கான் போர்வை. உருகிய உலோகத்தை ஆக்சிஜன் தொட்டால் கருகும், நைட்ரஜன் புகுந்தால் உடையும். இருவரையும் அண்டவிடாமல் இடத்தைப் பிடித்து வைப்பதே வேலை. 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று, விடாமல் வைத்தால் பதினோரு பன்னிரண்டு மணி நேரம் வரும். காற்றடித்தால் போர்வை கலைந்துவிடும். அதனால் ஆற்காட்டுச் சித்திரை வெயிலிலும் தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். பொருளின் நலனும் ஆளின் நலனும் எதிரெதிர் திசையில் இழுக்கும் இடம் இது. திருச்சி பி.எச்.இ.எல்.லின் கொதிகலன் குழாய் வரைக்கும் தத்துவம் ஒன்றுதான். அங்கே கருவியும் காற்றோட்டமும் வேறு.

எவர்சில்வர் வெல்டிங்கிலும் குரோமியம் வருகிறது. உலோகத்திலேயே பத்து சதவீதத்துக்கு மேல் அது இருக்கிறது. பொறியின் சூட்டில் ஆவியாகி, காற்றில் ஆக்சிஜனைச் சந்தித்து, ஆறாம் நிலைக்கு ஏறுகிறது. குச்சி வைத்துச் செய்யும் கரண்ட் வெல்டிங்கோடு ஒப்பிட்டால் ஆர்கான் முறையில் புகை மிகக் குறைவு. ஆனால் பொறியின் புற ஊதாக் கதிர் கடுமையாக இருப்பதால், குறிப்பாக அலுமினியத்தில், ஓசோன் உண்டாகிறது. வெல்டிங் புகையையும் அதன் புற ஊதாக் கதிரையும் 2017இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. டேனரிக்குப் பயந்து பிள்ளையை வெல்டிங் பட்டறைக்கு அனுப்பிய குடும்பத்துக்கு இந்தச் செய்தி யார் மூலமாகவும் போய்ச் சேர்ந்திருக்காது.

இனி சாவைப் பற்றி. எவர்சில்வர் குழாயின் உட்புறமும் கருகாமல் இருக்க, குழாய்க்குள்ளேயே ஆர்கானை நிரப்பி வைத்து வெளியே வெல்டிங் செய்வார்கள். பெரிய தொட்டியிலும் அப்படித்தான். வேலை முடிந்ததும் உள்ளே ஒருமுறை தலையை நீட்டிப் பார்ப்போம் என்று ஒருவர் குனிந்தால் போதும்.

மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டால் நெஞ்சு அடைப்பது, உள்ளே கரியமில வாயு சேர்வதால். ஆர்கான் நிறைந்த இடத்தில் மூச்சு தாராளமாக உள்ளே போகும், கரியமில வாயு தாராளமாக வெளியே வரும். முட்டாது, இருமல் வராது, நாற்றம் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் மூச்சோடு வெளியே போய்விடுவதால் பத்து இருபது நொடிக்குள் நினைவு தவறும். சில நிமிடங்களில் உயிர் போகும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே எச்சரிக்கை எல்லை. 10க்குக் கீழே மயக்கம். 1981 மார்ச் 19 அன்று அமெரிக்காவில் கொலம்பியா விண்கலத்தின் பின்பகுதிக்குள் நைட்ரஜன் நிரம்பியிருப்பது தெரியாமல் நுழைந்த பணியாளர்கள் மடிந்தது இதே வழியில்தான். நாசாவுக்கே நேர்ந்தது. ஆர்கான் இன்னும் மோசம். கனம் அதிகம் என்பதால் பள்ளத்தில் தேங்கும், மேல்மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போகாது. ஆய்வகக் குடுவையில் எந்தக் குணத்துக்காக அதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்களோ, அதே குணம்.

தோல் தொழில் வட்டாரத்தில் குழிச் சாவுகள் புதிதல்ல. 'விஷவாயு தாக்கி' என்று தொடங்கும் செய்தியைப் படித்துப் படித்து நமக்கு மரத்துப்போய்விட்டது. டேனரிக் கழிவுத் தொட்டியின் ஹைட்ரஜன் சல்பைடு உண்மையான விஷம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் காட்டும், செறிவு ஏறினால் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆபத்து என்றால் நாற்றம் என்று மனதில் பதிந்திருக்கிறது. ஆர்கான் அந்தப் பழக்கத்தை ஏமாற்றும். இரண்டுக்கும் பொதுவான இன்னொன்று, காப்பாற்றப் போகிறவரின் சாவு. மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. அண்ணன் விழுந்தால் தம்பி குதிக்கிறான்; அதைக் குற்றம் சொல்ல முடியாது, தடுக்கத்தான் முடியும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு தெளிவாகவே சொன்னது: தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், அல்லது உள்ளே இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும். ஆக்சிஜன் அளக்கும் கைக்கருவி இன்று ஒரு நடுத்தர செல்போன் விலைக்குள் கிடைக்கும். அது எத்தனை பட்டறைகளில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மருத்துவத்தில் ஆர்கான் வந்த வழி வேறு. 1964இல் வில்லியம் பிரிட்ஜஸ் உருவாக்கிய ஆர்கான் லேசரின் நீலப் பச்சை ஒளியை ரத்தம் நன்றாக உறிஞ்சும், கண்ணின் தெளிந்த பகுதிகள் உறிஞ்சாது. கண்மணிக்கு ஊறு இல்லாமல் விழித்திரையில் கசியும் நாளங்களைச் சுட்டு அடைக்க இது போதும். சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்னும் தமிழ்நாட்டில், ஒரு தலைமுறையின் பார்வையை நிறுத்தி வைத்ததில் இந்த ஒளிக்குப் பங்குண்டு. இப்போது அந்த இடத்தைத் திடப்பொருள் பச்சை லேசர்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் 'ஆர்கான் லேசர் வெச்சாங்க' என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். குடலில் கசியும் ரத்தத்தை எண்டோஸ்கோப்பி வழியே ஆர்கான் பிளாஸ்மா பாய்ச்சி நிறுத்துவது 1990களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கருவி திசுவைத் தொடுவதே இல்லை. அயனியான வாயுவே மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கருகிய மேற்பரப்பு மின்சாரத்தைத் தடுப்பதால் காயம் ஆழமாகப் போவதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் மலக்குடலில் ரத்தம் கசிபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

உடம்போடு ஆர்கான் நேரடியாகப் பேசுவதும் உண்டு, அழுத்தம் ஏறினால். கொழுப்பில் நைட்ரஜனைவிட நன்றாகக் கரையும் என்பதால், கடலடி அழுத்தத்தில் நைட்ரஜனைவிட அதிகப் போதை தரும் என்று அமெரிக்கக் கடற்படையின் ஆல்பர்ட் பென்கே 1939இல் காட்டினார். முத்துக்குளிக்கும் ஆழத்தில் யாரும் ஆர்கான் சுவாசிப்பதில்லை. குளிர்க்கடலில் மூழ்குபவர்கள் உடைக்குள் மட்டும் அதை நிரப்பிக் கதகதப்பு தேடுகிறார்கள். மூளைக்கு ரத்தம் தடைபட்ட பிறகு நரம்பணுக்களை அது காக்கக்கூடும் என்று விலங்குகளில் சில ஆய்வுகள் காட்டுகின்றன. படுக்கைக்கு வரும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2014இல் செனானோடு ஆர்கானையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆதாரம் போதாதென்று 2020 பட்டியலிலிருந்து ஆர்கானை மட்டும் எடுத்துவிட்டது. மந்த வாயு என்ற பெயருக்குச் செனான் செய்த துரோகத்தில் ஆர்கானும் சிலகாலம் சேர்த்துத் தண்டிக்கப்பட்டது என்றுதான் இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆட்கள் மாறி உட்கார்ந்தார்கள். கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆக்சிஜன் ஏற்றிச்செல்ல டேங்கர்கள் போதவில்லை. ஆர்கான், நைட்ரஜன் டேங்கர்களைச் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்றும்படி மத்திய அரசு சொன்னது. தொழிற்சாலைகளுக்கான ஆக்சிஜன் மருத்துவமனைக்குத் திரும்பியதால் பட்டறைகள் பல நாள் மூடிக் கிடந்தன.

அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட ஆக்சிஜன் செறிவூட்டியும், அதன் பின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நிறுவப்பட்ட உற்பத்தி நிலையங்களும் ஒரே முறையில் இயங்குபவை. காற்றை ஜியோலைட் என்ற கனிமத்தின் வழியே அழுத்தி அனுப்புவார்கள். ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜனை விட்டுவிடும், கூடவே ஆர்கானையும் விட்டுவிடும், ஏனென்றால் இரண்டும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. நைட்ரஜன் முழுவதையும் நீக்கினாலும் மிஞ்சுவதில் ஆக்சிஜன் 96 சதவீதத்தைத் தாண்டாது. நான்கு சதவீதத்துக்கு மேல் ஆர்கான் இருக்கும். இவ்வகைக் கருவிகளின் தரம் '93 சதவீத ஆக்சிஜன், மூன்று கூடவோ குறையவோ' என்று வரையறுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். நூறு வரவில்லையே என்று கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 5 லிட்டர் வைத்துப் படுத்திருந்த ஒருவருக்கு, திறந்த வெளியில் நாம் சுவாசிப்பதைவிட அதிக ஆர்கான் போயிருக்கும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. காற்றைத் திரவமாக்கி வடித்த சிலிண்டர் ஆக்சிஜன் 99.5 சதவீதத் தூய்மை உடையது. மீதியுள்ள அரை சதவீதத்திலும் பெரும்பங்கு ஆர்கானே.